பழைய கணினியில் புதிய ஓஎஸ்: போடுவதற்கு முன் எதைப் பார்ப்பது?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. 2015 ஜூலையில் வெளிவந்து, பத்தாண்டுக் காலம் வீட்டுக் கணினிகளில் குடியிருந்த இயங்குதளம் (ஓஎஸ்) அது. இப்போது பல வீடுகளில் கணினித் திரை 'இந்த பிசி விண்டோஸ் 11-க்குத் தகுதியானதல்ல' என்கிறது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் மெஷினுக்கு ஏன் தகுதியில்லை? அப்படியே விட்டால் என்ன ஆகும்? லினக்ஸ் என்ற இலவச ஓஎஸ் போடலாமா? கடைக்காரர் "அதெல்லாம் போட்டுடலாம் சார்" என்று சொல்லும் விண்டோஸ் 11 சரிப்பட்டு வருமா? எந்த ஓஎஸ் நல்லது என்பதிலிருந்து தொடங்குவதால்தான் இந்தக் கேள்விகள் சிக்கலாகின்றன. மெஷினில் என்ன இருக்கிறது, அதில் என்ன வேலை நடக்கிறது என்ற இரண்டும் தெரிந்துவிட்டால் ஓஎஸ் எது என்பது பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும்.

## 'ஆதரவு முடிந்தது' என்றால் என்ன

அக்டோபர் 15 காலையிலும் விண்டோஸ் 10 வழக்கம்போலத்தான் திறந்தது. நின்றது, ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வரும் பாதுகாப்பு அப்டேட் மட்டும். ஆனால் அது சின்ன விஷயமில்லை. விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் உள்ளே ஓடும் நிரல் பெரும்பகுதி பொதுவானது. 11-இல் ஓர் ஓட்டையை அடைத்து அப்டேட் வெளியிட்டதும், பழைய கோப்பையும் புதிய கோப்பையும் அருகருகே வைத்துப் பார்த்தால் எங்கே ஓட்டை இருந்தது என்பது தெரிந்தவர்களுக்குத் தெரிந்துவிடும். அதே ஓட்டை 10-இல் திறந்தே கிடக்கும். அடைபடாத ஓட்டைகளின் எண்ணிக்கை மாதாமாதம் ஏறிக்கொண்டே போகும்.

2017 மே மாதம் உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டிப்போட்ட வான்னாக்ரை என்ற தீநிரல் இதற்குச் சரியான உதாரணம். அது நுழைந்த ஓட்டைக்கு மார்ச் மாதமே அப்டேட் வந்திருந்தது. மாட்டியவை பெரும்பாலும் விண்டோஸ் 7 கணினிகள். 7-க்கு அப்போது ஆதரவு இருந்தது, அப்டேட்டைப் போடாமல் விட்டிருந்தார்கள். அப்டேட் இல்லாத மெஷினும் அப்டேட் போடாத மெஷினும் தாக்குபவருக்கு ஒன்றுதான்.

இரண்டாவது விளைவு மெதுவாக வரும். விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-இல் முடிந்தது. குரோம் உலாவி 2023 பிப்ரவரியில் 110-ஆம் பதிப்போடு அதைக் கைவிட்டது. அப்புறம் வங்கித் தளங்களும் அரசுத் தளங்களும் ஒவ்வொன்றாக 'உலாவியைப் புதுப்பிக்கவும்' என்று சொல்லத் தொடங்கிவிடும். விண்டோஸ் 10-க்கும் இந்தப் பாதைதான், ஆனால் இது உடனே வந்துவிடாது.

வீட்டுப் பயனர்களுக்கு ஓர் அவகாசமும் உண்டு. நீட்டித்த பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை அப்டேட் வரும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து கணினி அமைப்புகளை அதோடு ஒத்திசைத்தால் இலவசம். இல்லையென்றால் 1000 மைக்ரோசாஃப்ட் ரிவார்ட்ஸ் புள்ளிகள் அல்லது 30 டாலர். விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2 இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அமைப்புகளில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தைத் திறந்தாலே சேர்வதற்கான இணைப்பு இருக்கும்.

## தகுதியில்லை என்று சொல்வது எது

விண்டோஸ் 11 கேட்பவற்றில் 4 ஜிபி ரேமும் 64 ஜிபி இடமும் பெரும்பாலான மெஷின்களில் இருக்கும். தடுப்பவை மூன்று.

1. ப்ராசஸர் பட்டியல். இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறை முதல், ஏஎம்டி என்றால் பெரும்பாலும் ரைசன் 2000 வரிசை முதல். தலைமுறையை எண்ணிலேயே படிக்கலாம். ஐ5-7200யூ என்றால் கோட்டுக்கு அடுத்த 7-தான் தலைமுறை, ஆகவே தகுதியில்லை. ஐ5-8250யூ என்றால் 8, தகுதி உண்டு. ஐ5-10210யூ என்பதில் முதல் இரண்டு இலக்கங்கள், அதாவது 10. பென்டியம், செலிரான் பெயர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, மைக்ரோசாஃப்ட் பட்டியலில்தான் பார்க்க வேண்டும்.

2. டிபிஎம் 2.0. குறியாக்கச் சாவிகளை மற்ற மென்பொருள்களின் கைக்கு எட்டாமல் வைத்திருக்கும் பாதுகாப்புப் பகுதி. தனிச் சில்லாகவும் இருக்கலாம், ப்ராசஸருக்குள்ளேயே இருக்கலாம். இன்டெல்லில் அதற்குப் பெயர் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம். மெஷினில் இருந்தும் பயாஸில், அதாவது கணினியின் தொடக்க அமைப்புத் திரையில், அணைத்து வைத்திருப்பார்கள். 'தகுதியில்லை' என்று வந்ததுமே மெஷினை ஒதுக்கிவிடாமல் முதலில் பயாஸுக்குள் போய் இதைத் தேடிப் பாருங்கள். 8-ஆம் தலைமுறையோ அதற்குப் பிறகு வந்ததோ என்றால் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிட வாய்ப்பு அதிகம்.

3. யூஇஎஃப்ஐயும் செக்யூர் பூட்டும். கணினியை ஆன் செய்ததும் முதலில் ஓடும் அடிப்படை நிரலின் பழைய வடிவம் பயாஸ், புதிய வடிவம் யூஇஎஃப்ஐ. கையொப்பமிடாத நிரலைத் தொடக்கத்திலேயே தடுத்து நிறுத்துவது செக்யூர் பூட். விண்டோஸில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' என்று தேடித் திறந்தால் 'பயாஸ் மோட்' என்று ஒரு வரி இருக்கும். எதிரில் 'லெகஸி' என்று இருந்தால் மெஷின் பழைய முறையில் ஓடுகிறது. சில மெஷின்களில் யூஇஎஃப்ஐ இருந்தும் விண்டோஸ் 7 காலத்தில் லெகஸியில் போட்டு அப்படியே வந்திருப்பார்கள்.

அதே திரையில் 'சிஸ்டம் டைப்' என்ற வரியையும் பார்த்துக்கொள்ளுங்கள். 32 பிட் விண்டோஸ் என்று தெரிந்தால், ப்ராசஸரும் 32 பிட்தானா என்பது அடுத்த கேள்வி. 64 பிட் ப்ராசஸரில் 32 பிட் விண்டோஸ் போட்டு 4 ஜிபிக்கு மேல் ரேம் பயன்படாமல் கிடக்கும் மெஷின்கள் ஏராளம். அவற்றைப் புதிதாக நிறுவித்தான் 64 பிட்டுக்குக் கொண்டுவர முடியும், மேம்படுத்தும் வழியில் போக முடியாது.

## முதல் செலவு எஸ்எஸ்டிக்கு

"ஓஎஸ் மாத்தினா ஃபாஸ்ட் ஆகுமா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். ஹார்ட் டிஸ்க்கில் ஓடும் மெஷினுக்குப் பதில்: ஓரளவுதான்.

டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். ப்ராசஸர் 10 சதவீதம், ரேம் 60 சதவீதம், டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் நிற்கும். லேப்டாப் ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 முறை சுழல்வது, அதாவது நொடிக்கு 90 சுற்று. வேண்டிய தகவல் ஊசிக்கு அடியில் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். ஊசி நகரும் நேரத்தையும் சேர்த்தால் நொடிக்கு நூறு இடங்களுக்குள்தான் அதனால் போய்ப் படிக்க முடியும். இன்றைய ஓஎஸ் எதுவானாலும் திறக்கும்போது ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளைத் தேடும். சுழலும் பாகமே இல்லாத சாதாரண சாட்டா (டிஸ்க்கை இணைக்கும் வழக்கமான முறை) எஸ்எஸ்டி அதையே நொடிக்குப் பல்லாயிரம் முறை செய்யும். பழைய லேப்டாப்பின் சாட்டா இணைப்பு மெதுவானதாக இருந்தாலும் இந்த வித்தியாசம் குறையாது, ஏனென்றால் நேரம் போவது காத்திருப்பதில்தான்.

ஆகவே என் கருத்தில் செலவு செய்வதற்கு வரிசை இது: முதலில் எஸ்எஸ்டி, அடுத்து ரேம், அதற்குப் பிறகே ஓஎஸ் பற்றிய யோசனை. 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டியே வாங்குங்கள். மெல்லிய என்விஎம்இ வகையைச் செருக இடம் இருந்தாலும் பழைய மதர்போர்டுகள் பல அதிலிருந்து தொடங்காது. ரேம் 4 ஜிபி இருந்தால் ஒப்பேற்றலாம், 8 ஜிபி இருந்தால் நிம்மதி. ஏறத்தாழ 2013-க்குப் பிந்தைய லேப்டாப்கள் பல 1.35 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல் ரேமையே ஏற்கும். கடையில் 'டிடிஆர்3 கொடுங்க' என்று மட்டும் கேட்டால் 1.5 வோல்ட் வகையைக் கொடுத்துவிடலாம், அது வேலை செய்யாமல் போகலாம். உள்ளே இருக்கும் பழைய ரேமைக் கழற்றி எடுத்துப்போய்க் காட்டுவது உத்தமம்.

எஸ்எஸ்டி மாற்றுவதில் இன்னொரு ஆதாயம் இருக்கிறது. பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றித் தனியே வைத்துவிட்டுப் புது எஸ்எஸ்டியில் ஓஎஸ் போட்டால், ஏதாவது சொதப்பினாலும் பழையதைத் திரும்ப மாட்டிவிட்டு நேற்று இருந்த நிலைக்குப் போய்விடலாம். எல்லாம் சரியாக ஓடத் தொடங்கியதும் பழைய டிஸ்க்கை ஒரு யூஎஸ்பி கேஸில் போட்டுப் படங்களைப் பார்த்துப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம்.

## என்னென்ன வழிகள்

விதியைத் தாண்டி விண்டோஸ் 11. கடைக்காரர் சொல்வது பொய்யில்லை, போட முடியும். ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளால் பென்டிரைவ் தயாரிக்கும்போதே டிபிஎம், செக்யூர் பூட் சோதனைகளை நீக்கும் வசதி இருக்கிறது. விண்டோஸ் 10 முறையாக ஆக்டிவேட் ஆகியிருந்த மெஷினில் அதே எடிஷன் 11 போட்டால் தானாகவே ஆக்டிவேட் ஆகும். உரிமம் முக்கியமாக மதர்போர்டை வைத்துப் பதிவாவதால், டிஸ்க் மாற்றினாலும் போகாது.

சிக்கல் போட்ட அன்று தெரியாது. இப்படிப்பட்ட மெஷின்களுக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. நடைமுறையில் மாதாந்திர அப்டேட் வருகிறது, ஆனால் ஆண்டுதோறும் வரும் புதிய பதிப்பு தானாக வருவதில்லை. ஹோம் எடிஷனில் ஒரு பதிப்புக்கு ஆதரவு 24 மாதம்தான், ஆகவே அதற்குள் மறுபடியும் பென்டிரைவைத் தேட வேண்டும். குறைந்தபட்சத் தேவையும் ஏறிக்கொண்டிருக்கிறது: 24எச்2 பதிப்பு ப்ராசஸரிடம் எஸ்எஸ்இ 4.2 என்ற கட்டளைத் தொகுப்பைக் கட்டாயமாகக் கேட்கிறது. 23எச்2 வரை விதியைத் தாண்டி ஓடிய கோர் 2 டுயோ மெஷின்கள் 24எச்2-வில் திறக்கவே திறக்காது. 23எச்2 ஹோமுக்கான ஆதரவோ 2025 நவம்பர் 11-இல் முடிந்துவிட்டது. 6, 7-ஆம் தலைமுறை இன்டெல், 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி எல்லாம் இருந்து, விண்டோஸ் இல்லாமல் முடியாது என்பவருக்கு மட்டும் இது சரிப்படலாம். இரண்டாண்டுக்கு ஒருமுறை யார் உட்கார்ந்து செய்வது என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

கடையில் 'எல்டிஎஸ்சி' என்ற பெயரிலும் ஒரு விண்டோஸ் 10 போட்டுத் தருவார்கள். அது நீண்ட கால ஆதரவுள்ள நிஜப் பதிப்புதான், ஆனால் வீட்டுக்குச் சில்லறையில் விற்கப்படுவதில்லை. கூடவே, உரிமம் இல்லாமலே அதை ஆக்டிவேட் செய்ய, ஆக்டிவேட்டர் என்று ஒரு நிரலை ஓட்டுவார்கள். பாதுகாப்புக்காக ஓஎஸ் மாற்றப் போய், எங்கிருந்து வந்தது என்று தெரியாத நிரலுக்கு முழு அதிகாரம் கொடுப்பதில் என்ன பயன்?

லினக்ஸ். உலாவி, யூடியூப், மின்னஞ்சல், கடிதம் தட்டச்சு, படம் பார்ப்பது என்ற அளவில் பயன்படுத்தும் வீட்டுக்கு என் தேர்வு லினக்ஸ் மின்ட். விண்டோஸ் பழகியவருக்குத் திரை அந்நியமாகத் தெரியாது: இடது ஓரம் மெனு, கீழே டாஸ்க்பார். 22-ஆம் வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு. குறைந்தபட்சம் 2 ஜிபி ரேம் போதும் என்கிறார்கள், 4 ஜிபியைப் பரிந்துரைக்கிறார்கள். ரேம் குறைவான மெஷினுக்கு அதன் எக்ஸ்எஃப்சிஇ எடிஷன் இலகுவானது.

லினக்ஸ் தமிழ்நாட்டு வீடுகளுக்குப் புதிதும் இல்லை. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த லேப்டாப்கள் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. அதை மத்திய அரசின் சி-டாக் நிறுவனம், டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கியது. வாங்கிய கையோடு அதை அழித்துவிட்டு இடத்தைக் காலி செய்தவர்கள்தான் அதிகம் என்பது வேறு கதை.

லினக்ஸில் எங்கே இடிக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

1. டேலி, ஃபோட்டோஷாப், பேஜ்மேக்கர் ஆகியவற்றுக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது. விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் ஒயின் போன்ற இடைமென்பொருளை நம்பி வீட்டுக் கணக்கு பார்க்கலாம், கடைக் கணக்கை ஒப்படைக்க வேண்டாம்.

2. பிரிண்டர். ஹெச்பி மாடல்கள் பெரும்பாலும் செருகியதும் வேலை செய்யும். ஆனால் நம் ஊர்க் கடைகளிலும் வீடுகளிலும் பரவலாக இருக்கும் கேனான் எல்பிபி2900 தனக்கென்று கேப்ட் என்ற மொழியை வைத்திருக்கிறது. அதற்கு டிரைவரைத் தனியாக இறக்கிக் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டும். அந்தப் பிரிண்டரை நம்பித்தான் பிழைப்பு என்றால் விண்டோஸிலேயே இருந்துவிடுவது நல்லது.

3. தமிழ்த் தட்டச்சு. யூனிகோட் தமிழ் நன்றாகவே தெரியும், தமிழ்99 விசைப்பலகையும் கிடைக்கும். என்எச்எம் ரைட்டர், அழகி போன்றவை விண்டோஸுக்கானவை. பாமினி, வானவில் எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகளுக்கு அந்த எழுத்துருக் கோப்புகளையும் மறக்காமல் எடுத்து வைக்க வேண்டும், இல்லையென்றால் திறந்ததும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும்.

4. வைஃபை. பிராட்காம் சில்லு இருக்கும் சில லேப்டாப்களில் தனி டிரைவர் போடும்வரை வைஃபை வராது. அந்த நேரத்துக்கு ஃபோனை யூஎஸ்பி வயரில் இணைத்து டெதரிங் செய்தால் இணையம் கிடைத்துவிடும்.

குரோம்ஓஎஸ் ஃப்ளெக்ஸ். கூகுள் இலவசமாகத் தருவது. 4 ஜிபி ரேம், 16 ஜிபி இடம் போதும். உலாவி ஒன்றே உலகம் என்றிருக்கும் வயதானவர்களுக்கு நல்லது. ஆண்ட்ராய்டு ஆப்கள் இதில் ஓடாது, அந்த கேனான் பிரிண்டரையும் எதிர்பார்க்க வேண்டாம்.

## நிறுவும் வேலை

1. பேக்கப். டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரை மட்டும் எடுத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், டேலியின் டேட்டா ஃபோல்டர், உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள், புக்மார்க்குகள், எழுத்துருக்கள் எல்லாம் வெளியே வர வேண்டும். எடுத்ததை வேறொரு கணினியில் திறந்து பார்த்த பிறகே பேக்கப் முடிந்தது என்று சொல்லலாம்.

2. பிட்லாக்கர் சாவி. விண்டோஸின் பிட்லாக்கர் வசதியால் டிஸ்க் குறியாக்கம் ஆகியிருந்தால், பயாஸில் கை வைத்ததும் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். முன்கூட்டியே மைக்ரோசாஃப்ட் கணக்கில் போய் அதைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

3. பென்டிரைவ். 8 ஜிபி இருந்தால் போதும். அதில் இருப்பவை அழிந்துவிடும். ஓஎஸ் கோப்பை அதிகாரபூர்வத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். ரூஃபஸ் கொண்டு எழுத வேண்டும் (லினக்ஸ் என்றால் எட்சர் என்ற மென்பொருளும் போதும்), சும்மா காப்பி செய்தால் பூட் ஆகாது.

4. பூட் மெனு. ஆன் செய்ததும் டெல், லெனோவாவில் பொதுவாக எஃப்12, ஹெச்பியில் எஃப்9. வரும் பட்டியலில் பென்டிரைவின் பெயர் இருக்கும்.

5. போடாமலே ஓட்டிப் பார்ப்பது. விண்டோஸில் இந்த வசதி இல்லை, லினக்ஸின் பெரிய பலம் இதுதான். பென்டிரைவிலிருந்தே மின்ட் முழுதாகத் திறக்கும், டிஸ்க்கைத் தொடாது. வைஃபை, சத்தம், கேமரா, பிரிண்டர், மூடித் திறந்தால் எழுந்திருக்கிறதா என்பது வரை எல்லாவற்றையும் இங்கேயே சோதித்துவிடுங்கள். பென்டிரைவில் ஓடும்போது மெதுவாகத்தான் இருக்கும், அதை வைத்து வேகத்தை எடைபோட வேண்டாம்.

6. டிஸ்க்கைத் தேர்ந்தெடுக்கும் திரை. தரவு போவதெல்லாம் பெரும்பாலும் இங்கேதான். டிஸ்க்குகள் எஸ்டிஏ, எஸ்டிபி என்று மொட்டைப் பெயரில் வரும். அளவை வைத்து அடையாளம் காணுங்கள்: 240 ஜிபி எஸ்எஸ்டி ஏறத்தாழ 240 என்றும், 8 ஜிபி பென்டிரைவ் ஏறத்தாழ 8 என்றும் காட்டும். வெளி ஹார்ட் டிஸ்க் செருகியிருந்தால் இதற்கு முன்பே பிடுங்கிவிடுங்கள். 'டிஸ்க் முழுவதையும் அழி' என்ற தேர்வு சொன்னதைச் சொன்னபடி செய்யும்.

விண்டோஸையும் வைத்துக்கொண்டு பக்கத்தில் லினக்ஸ் போடுவதானால் இரண்டு நிபந்தனைகள். விண்டோஸ் எந்த முறையில் இருக்கிறதோ, லெகஸியோ யூஇஎஃப்ஐயோ, பென்டிரைவையும் அதே முறையில் பூட் செய்ய வேண்டும். அப்புறம் விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்பதை அணைக்க வேண்டும். அது இயங்கினால் விண்டோஸ் முழுதாக நிற்காமல் பாதித் தூக்கத்தில் கிடக்கும், லினக்ஸிலிருந்து விண்டோஸ் இருக்கும் டிஸ்க் பகுதியில் எழுத முடியாது.

## போட்ட பிறகு வரும் ஒரு விசித்திரக் கோளாறு

பழைய டெஸ்க்டாப்பில் எல்லாம் சரியாகப் போட்டு முடித்திருப்பீர்கள். உலாவியில் எந்தத் தளத்தைத் திறந்தாலும் 'இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று வரும், அப்டேட்டும் இறங்காது. புது ஓஎஸ்ஸைத் திட்டுவதற்கு முன் கடிகாரத்தைப் பாருங்கள், பல ஆண்டு பின்னால் இருக்கலாம். மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 என்ற பொத்தான் பேட்டரி தீர்ந்துவிட்டால், மின்சாரத்தை அணைக்கும்போதெல்லாம் தேதி பின்னுக்குப் போய்விடும். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு என்பதால், தேதி தவறானால் எல்லாமே செல்லாததாகத் தெரியும். வாட்ச் கடையிலேயே கிடைக்கும் பேட்டரியை மாற்றித் தேதியைச் சரிசெய்தால் தீர்ந்தது. பயாஸில் செய்த மாற்றங்களும் அதோடு சேர்ந்து அழிந்திருக்கக்கூடும், அவற்றை மறுபடியும் வைக்க வேண்டும்.

## எந்த மெஷினை விட்டுவிடலாம்

ப்ராசஸரே 32 பிட் என்றால் மெனக்கெட வேண்டாம். விண்டோஸ் 11 அதற்குக் கிடையாது, மின்ட்டின் முதன்மைப் பதிப்பும் கிடையாது. 2025 ஆகஸ்ட்டில் வந்த டெபியன் 13-உம் 32 பிட் நிறுவியைக் கைவிட்டுவிட்டது. 2 ஜிபி ரேம் போர்டோடு ஒட்டவைத்திருந்து, கூட்ட வழியில்லாத மெஷினும் அப்படியே: ஓஎஸ் ஓடும், உலாவியில் நான்கு பக்கம் திறந்தால் திணறும்.

அதை யாருக்காவது கொடுப்பதோ பழைய இரும்புக்குப் போடுவதோ உங்கள் விருப்பம். டிஸ்க்கை மட்டும் கழற்றிக்கொள்ளுங்கள். குயிக் ஃபார்மேட் கோப்புகளின் பட்டியலைத்தான் அழிக்கும், படங்களும் ஆதார் நகலும் உள்ளேயே இருக்கும், இலவச மென்பொருளாலேயே மீட்டுவிடலாம். டிஸ்க்கோடு கொடுத்தே ஆக வேண்டுமென்றால், விண்டோஸ் 10-இன் 'ரீசெட்' வசதியில் 'எல்லாவற்றையும் நீக்கு' என்பதோடு 'டிரைவைச் சுத்தம் செய்' என்பதையும் தேர்ந்தெடுத்துவிட்டு இரவு முழுக்க ஓட விடுங்கள். ஹார்ட் டிஸ்க் என்றால் பல மணி நேரம் எடுக்கும்.